சூரியனை நம்பி ஒரு சாலை – 8: டெல்ஃப்டிலிருந்து வந்த பிள்ளைகள்

1996 போட்டியை வென்ற கையோடு ஹோண்டா நிறுவனம் ஆஸ்திரேலிய சோலார் கார் பந்தயத்திலிருந்து ஒதுங்கிக்கொண்டது. 1993, 1996 என்று அடுத்தடுத்து இரண்டு முறை, டார்வினிலிருந்து அடிலெய்டு வரையிலான மூவாயிரம் கிலோமீட்டரை வேறு யாரும் நெருங்க முடியாத வேகத்தில் கடந்து காட்டியாயிற்று. இரண்டாம் முறை அவர்களுடைய சராசரி வேகம் மணிக்கு 89.76 கி.மீ. ஒரு மாபெரும் கார் நிறுவனம், தன் ஆராய்ச்சிக்கூடத்தின் முழு பலத்தையும் இறக்கி எழுதி வைத்துவிட்டுப் போன எண் அது. அதை ஐந்து வருடம் கழித்து முறியடித்தவர்கள், அந்தப் பந்தயத்தை அதற்கு முன் ஓடியே பார்த்திராத கல்லூரி மாணவர்கள். இந்த அத்தியாயம் அவர்களைப் பற்றியது.

அதற்கு முன், தொடரை இடையில் பிடித்தவர்களுக்காகக் கொஞ்சம் பழைய கதை. டென்மார்க்கில் பிறந்து ஆஸ்திரேலியாவில் குடியேறிய சாகசக்காரர் ஹான்ஸ் தோல்ஸ்ட்ரப், 1982 டிசம்பரில் பெர்த்திலிருந்து கிளம்பி, கார் பந்தய வீரர் லாரி பெர்கின்ஸுடன் மாறி மாறி ஓட்டி, வெறும் வெயிலின் துணையில் சிட்னி போய்ச் சேர்ந்தார். நாலாயிரம் கிலோமீட்டருக்கு இருபது நாள். மணிக்கு 23 கிலோமீட்டர்தான் சராசரி. ஆனால் 1912இல் பெட்ரோல் காரில் முதன்முதலாக அந்தக் கண்டத்தைக் குறுக்கே கடந்தவர்களுக்கு 28 நாள் பிடித்திருந்தது என்பதை வைத்துப் பார்த்தால், அந்த வேகம் கேலிக்குரியதல்ல. அந்தப் பயணத்தில் பிறந்த ஆசைதான் 1987இல் உலக சோலார் சேலஞ்ச் என்ற போட்டியாக உருவெடுத்தது. முதல் போட்டியை ஜெனரல் மோட்டார்ஸின் 'சன்ரேசர்' தூக்கிக்கொண்டு போனது. அதன் வடிவமைப்பின் மூளை பால் மெக்கிரெடி. மனித உடலின் பலத்தால் மட்டுமே பறக்கும் விமானத்தைச் செய்து 1979இல் ஆங்கிலக் கால்வாயைக் கடக்க வைத்தவர். சன்ரேசர் 66.9 கி.மீ. வேகத்தில் அடிலெய்டைத் தொட்டது. இரண்டாவதாக வந்த ஃபோர்டு ஆஸ்திரேலியா அணி வந்து சேர அதற்குப் பிறகு இரண்டு நாளுக்கு மேல் ஆனது.

அந்த 1987இலேயே மூன்றாவதாக வந்த வண்டியைப் பற்றி அதிகம் பேர் எழுதவில்லை. அது ஸ்விட்சர்லாந்தின் பீல் நகரப் பொறியியல் கல்லூரியுடையது. கடிகாரத் தொழிலுக்குப் பேர்போன ஊர் பீல். ஜெர்மனும் பிரெஞ்சும் கலந்து புழங்கும் சின்ன ஊர். ஸ்விட்சர்லாந்தில் 1985ஆம் வருடமே 'டூர் டி சோல்' என்ற பெயரில், ரோமன்ஸ்ஹார்னிலிருந்து ஜெனீவாவுக்கு, உலகின் முதல் சோலார் கார் பந்தயம் நடந்திருந்தது. அந்த மண்ணில் விளைந்த ஆர்வம்தான் பீல் அணியை ஆஸ்திரேலியா வரை கொண்டுவந்தது. மூன்று வருடம் கழித்து, 1990இல், அதே கல்லூரி 'ஸ்பிரிட் ஆஃப் பீல் II' என்ற வண்டியோடு வந்து முதலிடம் பிடித்தது. இரண்டாவது ஹோண்டா. மூன்றாவது அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக மாணவர்கள். முதல் மூன்றில் இரண்டு இடம் வகுப்பறையிலிருந்து வந்தவர்களுக்கு.

இந்த வெற்றிக்கு உரிய மரியாதை இன்றுவரை கிடைக்கவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. காரணம் எளிது. பீல் அணியின் சராசரி 65.18 கி.மீ.; சன்ரேசரின் வேகத்தை அது தாண்டவில்லை. போட்டியை வென்றார்கள், சாதனை எண் மட்டும் ஜெனரல் மோட்டார்ஸிடமே தங்கிவிட்டது. பிறகு ஹோண்டா வந்து இரண்டையும் அள்ளிக்கொண்டது. மாணவர்கள் ஜெயிக்கலாம், ஆனால் பெரிய நிறுவனங்கள் மனது வைத்தால் அவர்கள் எட்ட முடியாது என்ற எண்ணம் நிலைத்துவிட்டது. 1999இல் ஆஸ்திரேலியாவின் சொந்த அணியான அரோரா வென்றபோது சராசரி 72.96 கி.மீ.தான். ஹோண்டாவின் எண் அசையவில்லை.

அரோராவிடம் ஒரு அருமையான பொருள் இருந்தது: ஆஸ்திரேலிய அரசின் ஆராய்ச்சி நிறுவனமான சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. உருவாக்கிய மோட்டார். சக்கரத்துக்குள்ளேயே பொருந்தும் மோட்டார் அது. செயினும் இல்லை, கியரும் இல்லை. பேட்டரியிலிருந்து வாங்கும் மின்சாரத்தில் நூற்றுக்கு 97 பங்குக்கும் மேல் சக்கரச் சுழற்சியாக மாறிவிடும். நாம் ஓட்டும் பெட்ரோல் வண்டியில் எரிபொருளின் சக்தியில் பெரும்பகுதி சூடாகவும் புகையாகவும் போய்விடுகிறது என்பதை நினைத்துக்கொண்டால், இந்த 97இன் அருமை புரியும். இனி சோலார் காரில் மோட்டாரைச் சீர்திருத்தி ஜெயிக்க அதிக இடமில்லை. மிச்சமிருந்தவை மூன்று: வெயிலை மின்சாரமாக்கும் செல், காற்றைக் கிழிக்கும் உடல், கையில் இருக்கும் மின்சாரத்தைச் செலவழிக்கும் கணக்கு.

நெதர்லாந்தின் டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழக மாணவர்களும் அவர்களுடன் சேர்ந்த ஆம்ஸ்டர்டாம் மாணவர்களும் 'ஆல்ஃபா சென்டாரி' என்று தங்கள் அணிக்குப் பெயர் வைத்தார்கள். சூரியனை விட்டால் நமக்கு மிக அருகில் உள்ள நட்சத்திரக் கூட்டத்தின் பெயர். காருக்கு வைத்த பெயர் 'நூனா'. அணிக்கு ஆலோசகராகக் கிடைத்தவர் வுப்போ ஓக்கல்ஸ், விண்வெளிக்குப் போன முதல் டச்சுக் குடிமகன்.

ஓக்கல்ஸைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆகவேண்டும். 1985 அக்டோபர் 30 அன்று சேலஞ்சர் விண்ணோடத்தில் எட்டுப் பேர் ஏறினார்கள். ஒரே ஓடத்தில் அத்தனை பேர் ஒன்றாகக் கிளம்பியது அதுவே முதல் முறை. அதில் ஒருவர் ஓக்கல்ஸ். அந்த ஓடம் பத்திரமாகத் திரும்பிய கடைசிப் பயணம் அது. மூன்று மாதம் கழித்து, 1986 ஜனவரி 28 அன்று, அதே சேலஞ்சர் ஏழு பேருடன் வானத்தில் வெடித்துச் சிதறியது. தான் உட்கார்ந்து வந்த ஓடம் அப்படி முடிந்ததைப் பார்த்த மனிதர், மீதி வாழ்நாளின் பெரும்பகுதியைச் சூரிய சக்திக்கும் காற்று சக்திக்கும் இளைஞர்களுக்கும் கொடுத்தார். டெல்ஃப்டில் பேராசிரியர்; ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தில் கல்விப் பணி. 2014இல் இறக்கும்வரை அந்த ஈடுபாடு குறையவில்லை.

ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் மாணவர்களுக்குத் தன் கதவைத் திறந்துவிட்டது. செயற்கைக்கோள்களுக்காக உருவான காலியம் ஆர்சனைடு செல்கள் நூனாவின் முதுகில் ஏறின. வீட்டுக் கூரைகளில் நாம் பார்ப்பது சிலிக்கான் செல். சிலிக்கான், வெயிலின் நிறமாலையில் ஒரு பகுதியைத்தான் நன்றாகப் பயன்படுத்தும். காலியம் ஆர்சனைடு செல்லில் வெவ்வேறு பொருள்களின் அடுக்குகள் ஒன்றின் மேல் ஒன்று இருக்கும். மேலடுக்கு நீல ஒளியை வாங்கிக்கொள்ளும், கீழடுக்கு அது விட்டுவைத்த சிவப்பு ஒளியை வாங்கும். விழும் வெயிலில் சுமார் கால் பங்கு மின்சாரமாகிவிடும். சூடேறும்போது சிலிக்கானைப் போல இவை சோர்வதும் இல்லை. ஆஸ்திரேலியப் பாலைவனத்தில் இது சின்ன விஷயமல்ல. உடலும் செயற்கைக்கோள்களில் பயன்படும் கார்பன் நாரும் கெவ்லாரும் கொண்டு செய்யப்பட்டது. ஹபிள் தொலைநோக்கியில் இருந்து, 1993இல் விண்வெளி வீரர் க்ளோட் நிக்கோலியே பங்கேற்ற பயணத்தில் பூமிக்குத் திரும்பிய சோலார் பட்டைகளில் சிலவும் நூனாவில் இடம்பெற்றன.

இந்த இடத்தில் ஒரு குறை சொல்லப்படுவது உண்டு. விண்வெளி செல் கிடைத்ததால் ஜெயித்தார்கள், மற்றவர்களுக்கு அது கிடைத்திருந்தால் அவர்களும் ஜெயித்திருப்பார்கள் என்று. அந்தக் குறையில் பாதி நியாயம் இருக்கிறது. எல்லாக் கல்லூரிக்கும் விண்வெளி நிறுவனம் துணை நிற்பதில்லை. ஆனால் மீதிப் பாதியைப் பார்க்காமல் இந்தக் கதையைச் சொன்னால் அந்தப் பிள்ளைகளுக்குப் பெரிய அநியாயம் செய்தவர்களாவோம். அதைப் புரிந்துகொள்ள, இந்தப் பந்தயத்தில் ஒரு நாள் எப்படிக் கழிகிறது என்று பார்க்கவேண்டும்.

காலை எட்டு மணிக்கு முன் யாரும் சக்கரத்தை உருட்டக் கூடாது. மாலை ஐந்து மணிக்கு வண்டி நின்றுவிட வேண்டும். சாலையோரம் ஒதுங்க இடம் தேடப் பத்து நிமிடச் சலுகை உண்டு. எடுத்துக்கொண்ட நிமிடங்களை மறுநாள் காலை தாமதமாகக் கிளம்பி ஈடுகட்ட வேண்டும். ஐந்து மணிக்கு ஊர் இருக்கிறதா, தண்ணீர் இருக்கிறதா என்பதெல்லாம் பேச்சே இல்லை. நின்ற இடம்தான் முகாம். வழியில் கேத்ரின், டென்னன்ட் கிரீக், ஆலிஸ் ஸ்பிரிங்ஸ், கூபர் பீடி போன்ற ஊர்களில் ஒவ்வொன்றிலும் அரை மணி நேரக் கட்டாய நிறுத்தம். சோலார் காருக்கு முன்னால் ஒரு வண்டி, பின்னால் ஒரு வண்டி. பின்வண்டியில்தான் மூளை.

சாலையின் பெயர் ஸ்டூவர்ட் நெடுஞ்சாலை. 1862இல் தெற்கிலிருந்து வடகடல் வரை கண்டத்தைக் கடந்து காட்டிய ஜான் மெக்டோவல் ஸ்டூவர்ட்டின் நினைவாக வைத்த பெயர். இருபுறமும் கரையான் புற்றுகள், செம்மண், ஒரு பெட்ரோல் பங்குக்கும் அடுத்ததற்கும் நடுவே சில சமயம் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர். எதிரில் வருவது 'ரோடு டிரெயின்': மூன்று இழுவைப் பெட்டிகள் கோத்த, ஐம்பது மீட்டருக்கும் நீளமான லாரி. அது கடக்கும்போது எழும் காற்று, சில நூறு கிலோ எடையே உள்ள காரைச் சாலையை விட்டே தள்ளப் பார்க்கும். உள்ளே படுத்த வாக்கில் ஓட்டுபவரைச் சுற்றி வெப்பம் 50 டிகிரியை நெருங்கும். ஏ.சி. கிடையாது. அதற்குக் கொடுக்க மின்சாரம் இல்லை.

எவ்வளவு மின்சாரம் இருக்கிறது? உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டரில் விழுவது சுமார் 1000 வாட். நூனாவின் பேனல் பரப்பு சுமார் 8 சதுர மீட்டர். கால் பங்கு மின்சாரமானால் 2000 வாட். நம் வீட்டுக் குளியலறையில் தண்ணீர் சுடவைக்கும் கீசர் எடுக்கும் மின்சாரம்தான். அதை வைத்துக்கொண்டு ஒரு ஆளையும் ஒரு காரையும் மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தில் ஓட்ட வேண்டும். அதுவும் நண்பகலில், காலையிலும் மாலையிலும் அதில் பாதிகூடக் கிடைக்காது. கிளம்பும்போது பேட்டரியில் நிரப்பிக்கொள்ள அனுமதிக்கப்படுவதோ மொத்தப் பயணத்துக்குத் தேவைப்படுவதில் பத்தில் ஒரு பங்கு என்ற அளவுக்குத்தான்.

இப்போது பின்வண்டிக்குள் எட்டிப் பார்ப்போம். மடியில் கணினியோடு ஒரு மாணவர். முன்னே போகும் காரிலிருந்து வயர்லெஸ்ஸில் எண்கள் வந்துகொண்டே இருக்கின்றன: பேனல் தருவது இவ்வளவு, மோட்டார் எடுப்பது இவ்வளவு, பேட்டரியில் மிச்சம் இவ்வளவு. அவர் சொல்ல வேண்டியது ஒரே ஒரு எண்: எந்த வேகத்தில் போவது. ஒரு கிலோமீட்டருக்குக் காற்றை எதிர்த்துச் செலவாகும் மின்சாரம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். 90இலிருந்து 100க்குப் போனால் நேரத்தில் பத்தில் ஒரு பங்கு மிச்சம். ஆனால் காற்றுக்கு மட்டும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் கிட்டத்தட்ட கால் பங்கு கூடுதலாகச் செலவு. எனவே அவசரப்பட்டு விரட்டிவிட்டுப் பிறகு நிதானிப்பவர், ஒரே சீராகப் போகிறவரிடம் தோற்பார். மேகம் வந்தால் நம் புத்தி சொல்வது, மின்சாரம் குறைகிறது, மெதுவாகப் போ என்று. கணக்கு சொல்வது வேறு. மேகத்துக்கடியில் கொஞ்சம் வேகமாகப் போய் வெளியேறிவிடு, வெயிலில் நிதானமாகப் போ. அப்போதுதான் வெயிலில் இருக்கும் நேரம் கூடும். அடிலெய்டைத் தொடும்போது பேட்டரி காலியாக இருக்க வேண்டும். மிச்சம் இருந்தால் அந்த அளவுக்கு மெதுவாக வந்துவிட்டோம் என்று பொருள். ஐந்து கிலோமீட்டர் முன்னால் காலியாகிவிட்டால்? அதற்கு மருந்தில்லை.

மூன்று நான்கு நாள் தொடர்ந்து, இருபது இருபத்திரண்டு வயதில், இந்தப் பொறுப்பைத் தலையில் சுமந்துகொண்டு உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பார்க்கிறேன். விண்வெளி செல் இந்த இடத்தில் உதவிக்கு வராது.

2001 நவம்பர் 18, ஞாயிற்றுக்கிழமை. டார்வினில் போட்டி தொடங்கியது. நவம்பர் மூன்றாம் வாரத்தில் டென்னன்ட் கிரீக்கில் நண்பகல் சூரியன் தலைக்கு நேர் மேலே நிற்கும். தட்டையான பேனலுக்கு அதைவிட நல்ல வெயில் கிடையாது. தெற்கே போகும் சாலை என்பதால் காலை வெயில் இடப்பக்கமும் மாலை வெயில் வலப்பக்கமும் விழும். ஐந்து மணிக்கு வண்டி நின்ற பிறகும் சூரியன் மறைய ஏறக்குறைய இரண்டு மணி நேரம் இருக்கும். பந்தயத்தின் மிக அழகான நேரம் அதுதான் என்பேன். நெடுஞ்சாலையோரச் செம்மண்ணில், மாணவர்கள் பேனலைத் தூக்கி, தாழ்ந்துவரும் சூரியனுக்கு நேர் எதிராகச் சாய்த்துப் பிடிக்கிறார்கள். சூரியன் இறங்க இறங்கச் சாய்வை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஒருவர் பேட்டரி அளவைப் பார்க்கிறார், ஒருவர் டயரைத் தடவிப் பார்க்கிறார், ஒருவர் சமைக்கிறார். விடியற்காலையில் கிழக்கு நோக்கி மறுபடி அதே வேலை. ஓடாமல் நிற்கும் இந்த நேரத்தில் சேர்த்த மின்சாரம் மறுநாள் மலையேற்றத்திலோ மேகத்திலோ கைகொடுக்கும்.

நான்காம் நாள் நூனா அடிலெய்டுக்குள் நுழைந்தது. ஓடிய நேரம் 32 மணி 39 நிமிடம். சராசரி மணிக்கு 91.81 கி.மீ. ஹோண்டாவின் எண் ஐந்து வருடம் தாக்குப்பிடித்து அன்று விழுந்தது. இரண்டாம் இடம், முந்தைய வெற்றியாளரான அரோராவுக்கு; சொந்த நாட்டுச் சாலையிலேயே அவர்களை வெளியிலிருந்து வந்தவர்கள் முந்திவிட்டார்கள். மூன்றாம் இடம் மறுபடி மிச்சிகன் மாணவர்களுக்கு.

என்னை இந்த வெற்றியைவிட அதிகம் யோசிக்க வைப்பது இதற்கு அடுத்து டெல்ஃப்ட் செய்த காரியம். வென்ற அணியை அப்படியே வைத்துக்கொண்டு அடுத்த போட்டிக்குத் தயாராவதுதானே உலக வழக்கம்? அவர்கள் அப்படிச் செய்யவில்லை. 2003 போட்டிக்கு முழுக்கப் புதிய மாணவர்கள். 2005க்கு அவர்களும் போய் இன்னொரு புதிய அணி. படிப்பை ஏறக்குறைய ஒரு வருடம் ஒதுக்கி வைத்துவிட்டு வருவார்கள், வரைவார்கள், வார்ப்பார்கள், உடைப்பார்கள், பாலைவனத்தில் ஓட்டுவார்கள், பிறகு வகுப்பறைக்குத் திரும்பிவிடுவார்கள். கையில் இருந்த அனுபவத்தை ஒவ்வொரு முறையும் வாசலுக்கு அனுப்பிவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்குவது ஒரு நிறுவனத்தால் முடியாது. அதன் முதலாளிகள் விடமாட்டார்கள். கல்லூரியால் முடியும், ஏனென்றால் அங்கே செய்யப்படும் பொருள் கார் மட்டுமல்ல. பழையவர்கள் ஆலோசனை சொல்ல வருவார்கள். முடிவெடுப்பவர்கள் புதியவர்கள்.

அப்படிப் புதிதாக வந்தவர்கள் பின்தங்கினார்களா? 2003இல் நூனா 2 எடுத்துக்கொண்டது 30 மணி 54 நிமிடம், சராசரி 97.02 கி.மீ. 2005இல் நூனா 3 எடுத்தது 29 மணி 11 நிமிடம், சராசரி 102.75 கி.மீ. வெயிலில் ஓடும் ஒரு வண்டி மூவாயிரம் கிலோமீட்டர் முழுக்க நூறுக்கு மேல் சராசரி வைத்தது.

இதில் ஒரு சிக்கல் முளைத்தது. போட்டி நடப்பது பொதுச் சாலையில். வடக்கே நார்தர்ன் டெரிட்டரியில் அப்போது திறந்த நெடுஞ்சாலைக்கு வேகக் கட்டுப்பாடே இல்லை. ஆனால் எல்லையைத் தாண்டித் தெற்கு ஆஸ்திரேலியாவுக்குள் நுழைந்தால் 110 கி.மீ.தான் உச்சம். 102 சராசரி வைக்கும் வண்டிக்கு அந்த 110 தலையை இடிக்கும் கூரை. இன்னும் ஒன்றிரண்டு போட்டி போனால், யார் நல்ல கார் செய்தார்கள் என்பதைப் போக்குவரத்து விதிதான் தீர்மானிக்கும் என்ற நிலை. அமைப்பாளர்கள் 2007 போட்டிக்குப் புதிய விதிகளை எழுதினார்கள். பேனல் பரப்பு 8 சதுர மீட்டரிலிருந்து 6 ஆகக் குறைக்கப்பட்டது. ஓட்டுபவர் படுத்துக்கொண்டு ஓட்டக் கூடாது, நிமிர்ந்து உட்கார வேண்டும். காரின் மெல்லிய உடலுக்கு இதைவிடப் பெரிய தொல்லை இல்லை. தலைக்கு இடம் விட மேலே ஒரு கூண்டு எழும்ப வேண்டும், அந்தக் கூண்டைக் காற்று பிடித்துக்கொள்ளும்.

கால் பங்கு வெயில் பறிக்கப்பட்ட அந்த 2007இலும் டெல்ஃப்டின் நான்காவது அணியே முதலில் வந்தது, 90.87 கி.மீ. சராசரியில். ஆறு வருடத்துக்கு முன் கையில் 8 சதுர மீட்டர் வைத்துக்கொண்டு முதல் நூனா ஓடிய வேகத்துக்கு ஒரு கிலோமீட்டர்தான் குறைவு. டெல்ஃப்டை நிறுத்த 2009இல் ஜப்பானின் டோக்காய் பல்கலைக்கழகம் வந்தது. அவர்களும் மாணவர்கள்தான். அந்தக் கதை அடுத்த இதழில்.

(தொடரும்)